படைப்புக் கதையும் பிறர் நம்பிக்கையும்

ஒரு சமயத்தார் தம் கொள்கையைத் தமக்குள் பேசிக்கொள்வது ஒன்று. அதனை ஏற்காதார் அவையில் எடுத்துரைப்பது மற்றொன்று. தமக்குள் பேசுங்கால் சொல்லில் குறை இருப்பினும் பொது நம்பிக்கை அதனை நிரப்பிவிடும். பிறர் அவையில் அத்துணை கிடையாது. அங்கே கேட்போன் தனக்குத் தெரிந்ததைக் கொண்டே தனக்குத் தெரியாததை அளப்பான். தெரிந்த பொருளில் பேசுவோன் பிழைபட்டான் என்று கண்டால், தெரியாத பொருளில் அவன் கூறுவதை ஏற்க மாட்டான். வகுப்பறையில் ஊரின் பெயரையும் ஆற்றின் போக்கையும் தவறாகச் சொன்ன ஆசிரியர், அதே நாழிகையில் ஒழுக்கத்தைப் பற்றி எத்துணை உயர்வாகப் பேசினும் மாணவர் உள்ளத்தில் அது பதிவதில்லை. இது மனித இயற்கை.

கிறிஸ்தவ சமய வரலாற்றில் இவ்வியற்கை மிகத் தெளிவாகப் புலப்படும் இடம், படைப்பைப் பற்றிய பேச்சாகும். விவிலியத்தின் முதல் நூலாகிய ஆதியாகமம், இறைவன் ஆறு நாளில் வானையும் வையத்தையும் உயிர்களையும் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தான் என்று கூறுகிறது. உயிரினங்கள் நெடுங்காலத்தில் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்து வேறுபட்டு வந்தன என்பது பரிணாமக் கொள்கை. கூர்தலறம் என்று தமிழறிஞர் வழங்குவதும் இதனையே. இவ்விரண்டையும் எவ்வாறு பொருத்துவது என்னும் வினாவுக்குக் கிறிஸ்தவர் பலவாறு விடை கூறியுள்ளனர். அவ்விடைகளுள் இறையியலுக்கு இசைந்தது எது என்பதை அச்சமயத்து அறிஞர் ஆராய்வர். ஆயின் அவை நூல்களாக வெளிவந்திருத்தலின், அந்நூல்கள் யாரை நோக்கிப் பேசுகின்றன, நம்பாதவன் அவற்றைப் படித்தால் என்ன எண்ணுவான், எந்நூல் அவனை அருகே அழைக்கிறது, எந்நூல் அவனை வாயிலிலேயே நிறுத்திவிடுகிறது என்று காண்பது திறனாய்வின் கடமையாகும்.

பழைய எச்சரிக்கை

இவ்வழக்கு டார்வினோடு தொடங்கியதென்று பலர் கருதுகின்றனர். அஃது உண்மையன்று. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த கெல்சஸ் என்னும் கிரேக்க அறிஞன், கிறிஸ்தவரை மறுத்து எழுதிய நூலில் படைப்புக் கதையை எள்ளி நகையாடினான். ஞாயிறு தோன்றுமுன்னே நாள்கள் எங்ஙனம் கழிந்தன என்பது அவன் தடைகளுள் ஒன்று. அவனுக்கு மறுமொழி எழுதிய ஓரிகன், வேறொரு நூலில் அதே வினாவைத் தாமே எழுப்பினார். ஞாயிறும் திங்களும் விண்மீனும் இல்லாத முதல் மூன்று நாள்களை அறிவுடையோன் எவனும் சொல்லுக்குச் சொல் கொள்ளமாட்டான் என்றும், அவ்வுரை மறைபொருள் உடையது என்றும் அவர் கூறினார். ஆகவே ஆதியாகமத்தை உருவகமாகக் கொள்ளும் வழக்கம், அறிவியலுக்கு அஞ்சிப் பிற்காலத்தார் கண்ட புகலிடம் அன்று. பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்பே அது வழக்கில் இருந்தது. இதனை நினைவில் இருத்தல் வேண்டும். இதன் பயன் பின்னர்ப் புலனாகும்.

ஓரிகனுக்குப் பின் வந்த புனித அகுஸ்தினார் (354-430), 401ஆம் ஆண்டளவில் தொடங்கி 415ஆம் ஆண்டளவில் முடித்த ஆதியாகம விளக்க நூல் பன்னிரண்டு பகுதிகளை உடையது. அதன் முதற்பகுதியில் ஓர் எச்சரிக்கை வருகிறது. வானம், வையம், விண்மீன்களின் இயக்கம், கிரகணம், பருவங்கள், விலங்கு, செடி, கல் ஆகியன பற்றி நம்பாதாரும் ஆராய்ந்து தெளிந்த அறிவு உடையர். அத்தகையார் முன்னே, ஒரு கிறிஸ்தவன் மறைநூலின் பெயரால் இப்பொருள்களைப் பற்றி அறியாமல் உளறுவது இழிவும் கேடும் ஆகும். தாம் நன்கறிந்த பொருளில் இவன் பிழைபடுவதைக் காண்பவர், உயிர்த்தெழுதலைப் பற்றியும் நிலைபேறான வாழ்வைப் பற்றியும் அந்நூல்கள் கூறுவதை எங்ஙனம் நம்புவர்? இதுவே அவர் உரையின் கருத்து.

இவ்வுரையின் வலிமை அதன் பின்னணியில் உள்ளது. அகுஸ்தினார் இளமையில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் மானி என்பவர் தோற்றுவித்த சமயத்தைச் சார்ந்திருந்தார். அச்சமய நூல்கள் விண்ணைப் பற்றி விரிவாகக் கதைத்தன. கணித அறிஞர் கிரகணம் நிகழும் நாளையும் நாழிகையையும் முன்னதாகவே கணித்துச் சொல்ல, அவ்வாறே நிகழ்வதை அவர் கண்டார். மானியின் நூல்களில் அத்தகைய விளக்கம் ஒன்றும் இல்லை. அச்சமயத்தின் பேராசானாகிய பாஸ்டஸ் வந்தால் ஐயம் நீங்கும் என்று பலர் கூறினர். பாஸ்டஸ் வந்தார், இனிமையாகப் பேசினார், இப்பொருள்கள் தமக்குத் தெரியா என்று ஒப்புக்கொண்டார். அவர்தம் நேர்மையை அகுஸ்தினார் பாராட்டினார். ஆயின் அச்சமயத்தின்மேல் கொண்டிருந்த ஆர்வம் அன்றே தளர்ந்தது. 'ஒப்புதல் வாக்குமூலம்' என்னும் தம் வரலாற்று நூலில் இதனை அவரே விரித்துரைத்துள்ளார். பொய்யான வானநூலால் ஒரு சமயத்தினின்று விலகிய ஒருவர், தாம் தழுவிய சமயத்தாரை அதே பிழைக்கு ஆளாகாதீர் என்று எச்சரிக்கிறார். பட்டறிவினின்று பிறந்த சொல் ஆதலின் அது இன்றும் மங்கவில்லை.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். அகுஸ்தினார் எல்லாம் ஒருங்கே படைக்கப்பட்டன என்றும், சில உயிர்கள் வித்துநிலையில் வைக்கப்பெற்றுக் காலம் வந்தபோது விரிந்தன என்றும் கருதினார். இதைக் கொண்டு அவரைப் பரிணாமக் கொள்கையின் முன்னோடி என்பார் உளர். அஃது மிகைக்கூற்று. ஓரினம் வேறோர் இனமாகத் திரியும் என்று அவர் கூறவில்லை. மாந்தர் தோன்றி ஆறாயிரம் ஆண்டும் நிறையவில்லை என்றே அவர் எண்ணினார். அவரிடம் கற்கவேண்டியது அறிவியல் முடிபு அன்று. பிறர்முன் பேசும் முறையே அவரிடம் கற்கத்தக்கது.

கொப்பூழைப் பற்றிய நூல்

அவ்வெச்சரிக்கையை மறந்ததன் விளைவை ஒரே நூலில் காணவேண்டுமாயின், பிலிப் ஹென்றி காஸ் (1810-1888) என்னும் ஆங்கிலேயர் 1857இல் வெளியிட்ட 'ஓம்ஃபலோஸ்' என்பதைக் காணலாம். கிரேக்க மொழியில் அச்சொல் கொப்பூழைக் குறிக்கும். காஸ் அறியாமை மிக்கவர் அல்லர். கடல்வாழ் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்துக் காணும் வழக்கத்தை இங்கிலாந்தில் பரப்பியவர்களுள் அவர் தலையானவர்; கூர்ந்த கண்ணும் தெளிந்த நடையும் உடைய இயற்கை நூலறிஞர். அதே அளவு உறுதியுடன் ஆதியாகமத்தைச் சொல்லுக்குச் சொல் நம்பியவர். நிலநூலார் பாறை அடுக்குகளைக் கொண்டு உலகின் வயது மிகப் பெரிது என்று காட்டிய காலம் அது.

காஸ் கண்ட தீர்வு இது. தாய் வயிற்றில் பிறவாத ஆதாமுக்கும் கொப்பூழ் இருந்திருக்கும். ஏனெனில் முழு மனிதனின் வடிவம் அதுவே. படைக்கப்பட்ட அன்றே நின்ற மரத்தினுள்ளும் ஆண்டு வளையங்கள் இருந்திருக்கும். அவ்வாறே உலகமும், கடந்திராத காலத்தின் அடையாளங்களைத் தாங்கியே படைக்கப்பட்டது. பாறையில் காணும் எலும்புகள் உயிர் வாழ்ந்த விலங்கின் எலும்புகள் ஆகவேண்டுவதில்லை.

தருக்க நெறியில் நோக்கினால் இதனை எவரும் மறுக்க இயலாது. அதுவே இதன் குறை. எந்தச் சான்று வந்தாலும் அதுவும் அவ்வாறே படைக்கப்பட்டது என்று கூறிவிடலாம். எதனாலும் மறுக்கப்படாத கூற்று எதனையும் விளக்குவதில்லை. நேற்றுத்தான் உலகம் நம் நினைவுகளோடு சேர்ந்து படைக்கப்பட்டது என்று ஒருவன் கூறினாலும் அதே தருக்கம் அவனுக்கும் உதவும்.

இந்நூல் நிலநூலாரையும் மறைநூலாரையும் இணைக்கும் என்று காஸ் நம்பினார். இருசாராரும் அதனை ஒதுக்கினர் என்பதைப் பின்னாளில் அவர் மகன் எட்மண்ட் காஸ் 'தந்தையும் மகனும்' (1907) என்னும் நூலில் வருத்தத்துடன் எழுதினார். நம்பாதார் நகைத்ததில் வியப்பில்லை. நம்பியவர் மனமே புண்பட்டது என்பதுதான் கருதத்தக்கது. காஸின் நண்பரும் மறைகுருவும் நாவலாசிரியருமான சார்லஸ் கிங்ஸ்லி, இறைவன் பாறைகளில் தேவையற்ற பெரும்பொய் ஒன்றை எழுதிவைத்தான் என்று தம்மால் நம்ப இயலாது என்னும் கருத்துப்பட அவருக்கு எழுதினார். காஸ் மறைநூலின் ஆறு நாள்களைக் காக்க முற்பட்டு, அம்மறைநூல் போற்றும் இறைவனின் வாய்மையை விலையாகக் கொடுத்துவிட்டார். வேலியைக் காக்கப் பயிரை வெட்டியது போன்ற செயல் இது.

எட்மண்ட் காஸ் தந்தையின் நம்பிக்கையினின்று விலகிச் சென்றார். அதற்குக் காரணங்கள் பல. இந்நூல் ஒன்றே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. ஆயினும் பிறரை இணக்க எழுதிய நூலின் ஆசிரியர் தம் இல்லத்து மகனையும் இணக்க இயலவில்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

டார்வினும் அவர் கிறிஸ்தவ நண்பரும்

இரண்டே ஆண்டுகளில், 1859இல், டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்தது. அதன் படியை முன்கூட்டியே பெற்ற கிங்ஸ்லி, தாமே வளர்ந்து விரியும் ஆற்றலுடைய முதலுயிர்களை இறைவன் படைத்தான் என்று கொள்வதும் உயர்ந்த இறைக்கருத்தே என்று டார்வினுக்கு மடல் வரைந்தார். டார்வின் அக்கருத்தை, கிங்ஸ்லியின் பெயரைச் சுட்டாமல், 1860இல் வந்த இரண்டாம் பதிப்பில் சேர்த்துக்கொண்டார்.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துச் செடிநூற் பேராசிரியர் ஆசா கிரே (1810-1888) இன்னும் ஆழமாகச் சென்றார். அவர் உறுதியான கிறிஸ்தவர். டார்வினின் கொள்கையை அமெரிக்காவில் முதலில் எடுத்துரைத்தவர்களுள் ஒருவர். இயற்கைத் தேர்வு இறைநம்பிக்கைக்குப் பகையன்று என்று அவர் எழுதிய கட்டுரைகளைச் சிறுநூலாக அச்சிட்டு இங்கிலாந்தில் பரப்பியவர் டார்வினே. பின்னர் அவர் கட்டுரைகள் 'டார்வினியானா' (1876) என்னும் தொகுப்பாயின. கிரேயின் நடையில் இரண்டு பண்புகள் விளங்குகின்றன. எதிர்க்கட்சியின் வாதத்தை அதன் முழு வலிமையோடு கூறுகிறார்; தமக்குத் தெரியாததைத் தெரியாது என்கிறார். அறிவியலார் அவரைத் தம்முள் ஒருவராகவே மதித்துக் கேட்டனர்.

ஆயின் டார்வின் இணங்கினாரா? இல்லை. 1860 மே மாதத்தில் கிரேக்கு எழுதிய மடலில் டார்வின் தம் தடையைக் கூறினார். கம்பளிப்புழுவின் உயிருள்ள உடலுக்குள்ளிருந்தே உண்டு வளரும் குளவியினத்தையும், எலியோடு விளையாடும் பூனையையும் ஓர் அருளாளன் திட்டமிட்டுப் படைத்திருப்பான் என்று தம்மால் நம்ப இயலவில்லை என்பது அதன் கருத்து. 1851இல் பத்து வயதுச் செல்வமகள் ஆனியை இழந்த தந்தையின் கை எழுதிய மடல் அது. அவர் தடை ஆறு நாள்களைப் பற்றியதன்று. உயிர்களின் துன்பத்தைப் பற்றியது.

இங்கே ஒரு பெரிய உண்மை வெளிப்படுகிறது. அறிவியலோடு முரண்படாமை ஒரு தடையை நீக்கும், நம்பிக்கையை உண்டாக்காது. கதவைத் திறப்பது வேறு. உள்ளே வருவித்தல் வேறு. ஆயினும் கிரேயின் உழைப்பு வீணாகவில்லை. ஒருவர் ஆழ்ந்த இறைநம்பிக்கையும் பரிணாமக் கொள்கையும் ஒருங்கே உடையவராக இருக்கலாம் என்பதில் ஐயமில்லை என்று 1879இல் டார்வின் எழுதிய மடலில், சான்றாகக் குறித்தவர் கிங்ஸ்லியும் கிரேயுமே. தாம் சேராத அணியைப் பற்றி ஒருவர் நேர்மையாகக் கூறும் இச்சான்று, நூறு வாதங்களினும் மேலானது. காஸின் நூலுக்கு அத்தகைய சான்று எந்த நம்பாதவனிடமிருந்தும் கிடைக்கவில்லை.

பெருவெள்ளக் கட்சி

இருபதாம் நூற்றாண்டில் எதிர்த்திசையில் சென்ற நூல்களுள் செல்வாக்கு மிக்கது 1961இல் அமெரிக்காவில் வெளிவந்த 'ஆதியாகமப் பெருவெள்ளம்' என்பதாகும். இறையியலாளர் ஜான் விட்கோம், நீரியல் பொறிஞர் ஹென்றி மோரிஸ் ஆகிய இருவரும் சேர்ந்து இதனை எழுதினர். உலகம் சில ஆயிரம் ஆண்டுகளே பழமையுடையது என்றும், பாறை அடுக்குகளும் அவற்றில் உள்ள எலும்புகளும் நோவா காலத்து வெள்ளத்தால் அமைந்தன என்றும் இந்நூல் வாதிடுகிறது. 2007இல் கென்டக்கி மாநிலத்தில் இக்கொள்கையைக் காட்சியாக்கும் படைப்பு அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

இக்கட்சியாரை எளிதில் இகழ்ந்து தள்ளுதல் நடுநிலை ஆகாது. அவர்தம் வாதத்தின் உயிர்நாடி பாறையில் இல்லை. ஆதாமின் பாவத்தால் சாவு உலகில் நுழைந்தது என்றும், கிறிஸ்துவால் அச்சாவு வெல்லப்பட்டது என்றும் ரோமருக்கு எழுதிய மடலின் ஐந்தாம் அதிகாரத்தில் பவுலடிகள் இணைத்துக் கூறுகிறார். மனிதன் தோன்றுமுன்பே கோடிக்கணக்கான ஆண்டுகள் உயிர்கள் பிறந்தும் இறந்தும் வந்தன என்றால், சாவு பாவத்தின் கூலி என்பது என்னாகும்? ஆதாம் கதை என்றால் மீட்பும் கதை ஆகாதா? இன்று முதல் அதிகாரத்தைக் கவிதை என்போர், நாளை உயிர்த்தெழுதலையும் கவிதை என்று கூறமாட்டார் என்பதற்கு என்ன உறுதி? இவை விளையாட்டு வினாக்கள் அல்ல. பரிணாமத்தை ஏற்கும் கிறிஸ்தவருள் பலர் இவ்வினாக்களை ஓசையின்றிக் கடந்து செல்கின்றனர். அவர்களைக் கேட்கும் நம்பாதவன், இவர் மழுப்புகிறார் என்று உணர்ந்துகொள்கிறான். மழுப்பலினும் முரட்டு உறுதி மேலென்று எண்ணி அக்கட்சியைச் சேர்ந்தவரும் உளர்.

வினா வலியது, விடையோ வலியதன்று. உலகின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் என்பது கதிரியக்கத் தனிமங்கள் சிதையும் அளவைக் கொண்டு பலவாறு சரிபார்க்கப்பட்டது. ஆண்ட்ரோமீடா என்னும் விண்மீன் கூட்டத்திலிருந்து ஒளி இங்கு வந்துசேர ஏறத்தாழ 25 இலட்சம் ஆண்டுகள் ஆகும். இருள்நிறைந்த இரவில் வெறுங்கண்ணாலேயே அதனைக் காணலாம். வாலில்லாப் பெருங்குரங்கினங்களுக்கு 24 இணை நிறப்புரிகளும் மனிதனுக்கு 23 இணையும் இருப்பது ஏன் என்ற வினாவுக்கு, மனிதனின் இரண்டாம் நிறப்புரியில் பழைய நிறப்புரிகள் இரண்டு ஒட்டிய தழும்பு விடை தருகிறது. இவற்றை அறிந்த மாணவன் முன் பெருவெள்ள வாதத்தை வைத்தால், அவன் உள்ளத்தில் அகுஸ்தினார் அஞ்சியதே நிகழும்.

அதனினும் பெரிய கேடு, இதையேனும் ஏற்றுக்கொள், கிறிஸ்துவையேனும் விட்டுவிடு என்று இரண்டே வழி காட்டுவது. இத்தகைய நிபந்தனையோடு வளர்க்கப்பட்ட இளைஞன் ஒருநாள் பாறையின் வயதை உணர்வானாயின், அவனுக்குக் கற்பிக்கப்பட்ட விதிப்படியே அனைத்தையும் விடுவான். அவனை வெளியே தள்ளியது டார்வினுடைய நூலா, நிபந்தனை விதித்த கையா? வியப்பு யாதெனில், சமயத்தை அடியோடு மறுக்கும் நாத்திகருட் சிலரும் இந்நிபந்தனையையே விரும்புகின்றனர். பரிணாமமும் இறைநம்பிக்கையும் ஒன்றாக நில்லா என்னும் ஒன்றில் இருதுருவத்தாரும் கைகோத்து நிற்கின்றனர்.

துணைக்கு அழைத்த அறிவியல்

அறிவியலை மறுப்பது ஒரு பிழையாயின், அதனை அவசரமாகத் துணைக்கு அழைப்பது மற்றொரு பிழை. பெல்ஜிய நாட்டுக் கத்தோலிக்கக் குருவும் இயற்பியலறிஞருமான ஜார்ஜ் லெமேத்ர் 1927இல் அண்டம் விரிந்துவருகிறது என்றும், 1931இல் அவ்விரிவுக்கு ஒரு தொடக்கநிலை உண்டு என்றும் எழுதினார். இதனினும் வாய்ப்பான சான்று கிறிஸ்தவருக்கு வேறு எது வேண்டும்? 1951 நவம்பரில் பன்னிரண்டாம் பயஸ் போப்பாண்டவர், புதிய வானநூல் படைப்புக்குச் சான்று பகர்கிறது என்னும் போக்கில் உரை நிகழ்த்தினார். ஆயின் லெமேத்ர் அதனை விரும்பவில்லை. தம் கொள்கை சமய வினாக்களுக்கு அப்பாற்பட்டது என்றும், அதனை ஏற்கும் பொருள்முதல்வாதி இறைவனை மறுக்கவும் உரிமை உடையவன் என்றும் அவர் கருதினார்.

எண்ணிப் பார்த்தால், நம்பாதவன் மதிக்கத்தக்க நிலை இதுவே. அறிவியல் தரும் ஒரு முடிபைத் தன் சமயத்துக்கு ஆதாயமாக்கும் வாய்ப்பு வந்தபோதும் அதனை எடுத்துக்கொள்ளாதவர், தமக்கு எதிரான முடிபு வரும்போது அதனை மறைக்கவும் மாட்டார் என்ற நம்பிக்கை பிறக்கிறது. மேலும், இன்றைய அறிவியலைத் தூணாகக் கொண்டு கோயில் எழுப்பினால், நாளை அவ்வறிவியல் திருந்தும்போது கோயிலும் சாயும்.

கத்தோலிக்கத் திருச்சபை 1950இல் வெளியிட்ட சுற்றுமடலில், மனித உடலின் தோற்றத்தைப் பற்றிய பரிணாம ஆராய்ச்சிக்கு இடந்தந்து, ஆன்மா இறைவனால் நேரே படைக்கப்படுவது என்று வரையறுத்தது. 1996இல் இரண்டாம் ஜான் பால் போப்பாண்டவர், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று ஏற்றார். நெடிய தயக்கத்துக்குப் பின் வந்த சொல் எனினும், எல்லை எது என்று தெளிவாகக் கூறிய சொல் அது.

ஒருவர் இணங்கிய வரலாறு

நம்பாதிருந்து நம்பிக்கைக்கு வந்த ஓர் அறிவியலாரின் சான்றையும் காணுதல் நன்று. மனித மரபணுத் தொகுதியைப் படித்தறியும் பன்னாட்டுத் திட்டத்துக்குத் தலைமை தாங்கிய பிரான்சிஸ் காலின்ஸ், இளமையில் நாத்திகர். இருபத்தேழாம் வயதில் கிறிஸ்தவர் ஆனார். 2006இல் அவர் வெளியிட்ட 'இறைவனின் மொழி' என்னும் நூல் பரிணாமத்தை ஐயமற ஏற்கிறது. ஆயின் அவர் மனம் மாறியது பரிணாமத்தைப் பற்றிய விளக்கத்தால் அன்று. நோயாளிகள் சிலர் கொடுந்துன்பத்திலும் காட்டிய அமைதி அவரை வியக்கவைத்தது. முதிய பெண் ஒருவர், தாங்கள் எதை நம்புகிறீர்கள் என்று அவரைக் கேட்டுவிட்டார். விடை கூற அவருக்கு நா எழவில்லை. அதன்பின் சி. எஸ். லூயிஸ் என்பாரின் நூல் வாயிலாக, நன்றும் தீதும் பிரித்தறியும் உணர்வு மனிதனுக்கு எங்கிருந்து வந்தது என்ற வினாவை எண்ணலானார்.

காலின்ஸின் நூலிலும் குறை உண்டு. ஒழுக்க உணர்வு பரிணாமத்தால் விளங்காது என்று அவர் கூறும் பகுதி, பிற இடங்களில் அவரே கண்டித்த வழியில் செல்கிறது. அறிவியல் இன்னும் முழுதும் விளக்காத இடத்தில் இறைவனை வைப்பது, அவ்விடம் விளங்கியபோது இறைவனைப் பெயர்க்கவேண்டிய நிலைக்குக் கொண்டுவிடும். எனினும் அவர் வரலாறு டார்வினின் மடலோடு ஒத்துப்போகிறது. டார்வினைத் தடுத்தது உயிர்களின் துன்பம். காலின்ஸை அழைத்தது துன்பத்தில் மனிதர் காட்டிய உறுதி. இருவர் உள்ளத்திலும் இறுதி வழக்கு ஆறு நாள் பற்றியதாக இல்லை.

அளந்த கோல்

இவ்வழக்கில் தமிழர்க்கும் ஒரு பங்கு உண்டு. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1823இல் அமெரிக்க மறைத்தொண்டர் நிறுவிய செமினரியில் மேனாட்டு வானநூல் கற்பிக்கப்பட்டது. 1848இல் ஹோய்சிங்டன் என்னும் மறைத்தொண்டர் தமிழர் வானநூலைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். மேருமலையையும் ஏழு கடல்களையும் கூறும் புராண உலகநூல் பொய்யென்று காட்டினால், அதன்மேல் எழுந்த சமயமும் தளரும் என்பது அத்தொண்டருள் பலர் கொண்ட கருத்து. அஃதாவது, சமயநூல் கூறும் உலக அமைப்பு அறிவியலுக்கு ஒவ்வாதாயின் அச்சமயம் கைவிடத்தக்கது என்னும் அளவுகோலை அவர்கள் யாழ்ப்பாணத்தார் கையில் கொடுத்தனர்.

அளவுகோல் கொடுத்தவர் பக்கமும் திரும்பும். 1854இல் ஆறுமுக நாவலர் இயற்றிய 'சைவ தூஷண பரிகாரம்', சைவ வழிபாட்டில் குறையென்று மறைத்தொண்டர் சுட்டியவற்றுக்கு ஒப்பானவை விவிலியத்திலேயே உள்ளன என்று இடஞ்சுட்டிக் காட்டியது. அவர் எடுத்தது வழிபாட்டு வழக்கு. படைப்பு வழக்கு அன்று. ஆயினும் முறை ஒன்றே. அடுத்த சில ஆண்டுகளில் டார்வினின் நூல் வந்தபோது, மேருமலையை அளந்த கோலே ஏதேன் தோட்டத்தையும் அளக்க நீண்டது. பிறர் நூலைச் சொல்லுக்குச் சொல் கொண்டு மறுத்தவர், தம் நூலுக்கு உருவகம் என்று விலக்குக் கேட்டால் எவர் ஏற்பார்? தன் நூலுக்கு வேண்டும் சலுகையைப் பிறர் நூலுக்கும் தருதல் வேண்டும். புராணத்தையும் ஆதியாகமத்தையும் ஒரே கண்ணால் படிப்பவன் சொல்லுக்கே அவையில் மதிப்பு உண்டு.

முடிபு

மேற்கூறிய நூல்களை ஒருங்கு வைத்து நோக்கினால் சில முடிபுகள் தெளிவாகின்றன. படைப்பைப் பற்றிய கொள்கை ஒருவரை நம்பிக்கைக்குக் கொணர்வது அரிது. ஆனால் வரக்கூடியவரை அது தடுத்து நிறுத்தும். ஆதலின் பிறரை இணக்க விழைவோர் மூன்றினைக் கடைப்பிடித்தல் வேண்டும்.

ஒன்று, நிறுவப்பட்ட உண்மையை மறுக்கலாகாது. அதனைத் தம் கட்சிக்கு வளைக்கவும் ஆகாது. முன்னதில் காஸ் பிழைபட்டார். பின்னதில் லெமேத்ர் வழிகாட்டினார். இரண்டு, மறைநூலை எவ்விதியால் எங்கே உருவகமாகக் கொள்வது என்பதை முன்னரே சொல்லிவிடல் வேண்டும். ஓரிகனும் அகுஸ்தினாரும் நிலநூல் எழுமுன்னரே அவ்விதியைக் கூறியதால் அது பின்வாங்கலாகத் தோன்றவில்லை. தோல்வி வந்த பிறகு மட்டும் உருவகம் என்று கூறுவோனை எவரும் நம்பார். முதல் அதிகாரத்தைக் கவிதை என்போர், உயிர்த்தெழுதலை ஏன் அவ்வாறு கொள்வதில்லை என்பதற்குரிய காரணத்தையும், அது கண்டோர் கூற்றாக எழுதப்பட்டதா புனைவாக எழுதப்பட்டதா என்னும் ஆராய்ச்சியையும், கேளாமுன்னரே அவையில் வைத்தல் வேண்டும். மூன்று, தீராத வினாவைத் தீர்ந்ததாகக் காட்டலாகாது. ஆதாமின் நிலை, மனிதனுக்கு முற்பட்ட சாவு, புழுவுக்குள் வளரும் குளவி ஆகிய இவை இன்றும் வினாக்களாகவே உள்ளன. பெருவெள்ளக் கட்சியார் கேட்ட வினாவுக்குப் பரிணாமத்தை ஏற்ற கிறிஸ்தவர் இன்னும் முழு விடை கூறவில்லை. அதனை ஒப்புக்கொள்வதால் அவர் கட்சி மெலியாது.

இவ்விதிகள் கிறிஸ்தவர்க்கு மட்டும் உரியன அல்ல. தம் சமயநூலில் விமானமும் அணுவும் முன்பே உண்டு என்று மேடையில் முழங்குவோர் எச்சமயத்திலும் உளர். கேட்டிருக்கும் இளைஞர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அமர்ந்திருப்பதை அவர்கள் காண்பதில்லை. கைக்கு எட்டிய கல்லைப் பற்றி வாய்மை கூறாதவர், கண்ணுக்கு எட்டாத வீட்டுலகைப் பற்றிக் கூறுவதை அவ்விளைஞர் எக்காலத்தும் ஏற்கமாட்டார்.